வாழைத்தாரில் கடைசிச் சீப்பை நீக்கலாமா?

கொள்ளிடக்கரைப் படுகையில் பூவனும் கற்பூரவள்ளியும் போட்டிருப்பவர்களிடம் இதைக் கேட்டால், "வந்த சீப்பை யாராவது ஒடிப்பார்களா?" என்பார்கள். வியாபாரி சீப்பை எண்ணித் தாருக்கு விலை பேசும் இடத்தில் அந்தத் தயக்கம் நியாயமானதே. எடை போட்டு, காயின் நீளம் பார்த்து வாங்கும் இடத்தில்தான் கணக்கு மாறுகிறது.

வாழை பூத்தள்ளிய பிறகு புதிய இலை விடுவதில்லை. அப்போது மரத்தில் நிற்கும் இலைகளே அறுவடை வரை எல்லாக் காய்களுக்கும் உணவு தயாரிக்க வேண்டும். மேல் சீப்புகள் முதலில் விரிவதால் முந்திக்கொள்கின்றன. அடிச்சீப்பு மெலிந்தே நிற்கிறது. காஷ்மீரிலும் இமாச்சலிலும் ஆப்பிள் பிஞ்சுகளைக் கொத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் விட்டுக் கலைப்பதும் இதே காரணத்தால்தான். அங்கே கூடுதலாக ஒரு பயன் உண்டு: அடுத்த ஆண்டு பூப்பதற்கும் மரத்தில் தெம்பு மிஞ்சும். வாழை ஒரு தாரோடு முடிந்துவிடுவதால் நமக்கு அந்தப் பயன் இல்லை.

எந்த ரகமானாலும், எப்படி விற்றாலும், பூவை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. கடைசிச் சீப்பு விரிந்த ஒரு வாரத்துக்குள் ஒடித்துவிட வேண்டும். தொங்கிக்கொண்டிருக்கும் வரை அது தாருக்குப் போக வேண்டிய சத்தை இழுக்கும். ஒடித்த பூ வீட்டுக் கறிக்கோ சந்தைக்கோ ஆகும்.

சீப்பு நீக்குவது கிராண்ட் நைன் போன்ற ரகங்களை ஏற்றுமதிக்கோ பெரிய கடைகளுக்கோ கிலோ கணக்கில் கொடுப்பவர்களுக்குப் பொருந்தும். காய் சரியாக அமையாத அரைச்சீப்பையும், தேவைப்பட்டால் அதற்கு மேலுள்ள ஒன்றையும் எடுக்கலாம். காய்கள் பிஞ்சாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். முற்றத் தொடங்கிய பிறகு எடுத்தால் சத்து செலவானதுதான் மிச்சம். எடுக்கும் கடைசிச் சீப்பில் ஒரே ஒரு காயை விட்டுவைக்க வேண்டும். அது இருந்தால் தண்டின் நுனி அழுகல் மேல் சீப்பு வரை ஏறாது. பால் வடிந்து மற்றக் காய்களில் கறை படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டெல்டாவில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. முகூர்த்த நாள் வந்தால் தார் மரத்திலும் இலை அறுப்பார்கள். பூத்தள்ளும்போது நல்ல இலை 8 ஆவது இருக்க வேண்டும். இலையையும் விற்றுவிட்டுத் தாரும் பருக்க வேண்டுமென்றால் நடக்காது. இலைக்கென்று தனியாக மரம் ஒதுக்குவதே நல்லது. வடகிழக்குப் பருவமழையில் இலைப்புள்ளி நோய் தாக்கி இலை கருகினாலும் இதே கதைதான். அப்படிப்பட்ட மரத்தில் ஒரு சீப்பு கூடுதலாக எடுத்தால் மீதியாவது தேறும்.

நம்பிக்கை வராதவர்கள் ஒரே நாளில் பூத்தள்ளிய 10 மரங்களை எடுத்துக்கொண்டு, 5 மரத்தில் மட்டும் சீப்பு நீக்கிப் பார்க்கலாம். அறுவடையில் தார் எடையோடு, நடுச்சீப்புக் காயின் நீளத்தையும் வியாபாரி கழித்துப்போட்ட காயையும் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். ரகத்துக்கு எத்தனை சீப்பு விடலாம் என்ற சந்தேகத்துக்கு, திருச்சி தோகைமலை சாலையில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் கேட்கலாம்.