பந்து விளையாடும் பிள்ளைக்கு வீட்டார் துணை



நம் மலையில் கொஞ்சம் சமதரை கிடைத்தால் போதும், பிள்ளைகள் பந்தோடு இறங்கிவிடுகிறார்கள். இளைஞர் மன்றத்தில் சேர்ந்து டோர்னமெண்டுக்கும் போகிறார்கள். சாயங்காலம் சேறும் சகதியுமாய் வந்து நிற்கும் பிள்ளையை, "பந்து ஒண்ணுதான் கேடு" என்று ஏசுகிறோம். ஏசுமுன் அது என்ன சாப்பிட்டுவிட்டு ஓடியது என்று யோசித்தோமா?

கோடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். இங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, கீழே பழனியில் கிடைப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறைவை ரத்தம்தான் ஈடுகட்ட வேண்டும். ரத்தசோகை உள்ள பிள்ளைக்குக் கால் மணி நேரத்திலேயே மூச்சு வாங்கும். "சோம்பேறி" என்று நாம் பெயர் வைத்துவிடுகிறோம்!

பள்ளி நாட்களில் சத்துணவில் முட்டை உண்டு. ஆட்டம் நடப்பதோ சனி, ஞாயிறு. அன்றைக்கு வீட்டில்தான் கொடுக்க வேண்டும். முட்டை, கேழ்வரகுக் கூழ், கீரை, பீன்ஸ், வேர்க்கடலை, மலைவாழைப்பழம் போதும். டப்பாவில் விற்கும் சத்துமாவு தேவையில்லை. சோற்றோடு வரக்காப்பி குடிக்கும் பழக்கத்தை விடுங்கள். இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். பள்ளியில் வாரம் ஒருநாள் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிட்ட பிறகு விழுங்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரையும் அவசியம். குளிரில் தாகம் தெரியாது. ஆறவைத்த தண்ணீரைப் பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள்.

இதெல்லாம் பையனுக்கு மட்டும்தானா? பல வீடுகளில் முட்டை அவன் தட்டில்தான் விழுகிறது. பெண் வயதுக்கு வந்துவிட்டால் பந்தும் நின்றுபோகிறது. மாதவிலக்கு நாளிலும், உடம்பு ஒத்துழைத்தால், தாராளமாக விளையாடலாம். கர்ப்பப்பைக்கு ஒரு கெடுதலும் இல்லை. 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தேசிய மகளிர் கால்பந்துக் கோப்பையைத் தமிழ்நாட்டுக்கு வாங்கித் தந்தவர்களும் இப்படி வயதுக்கு வந்த பெண்கள்தான். அந்த அணியில் ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கும் ஆடியவர்.

"மூத்தவளை அனுப்பிட்டா கைப்பிள்ளையை யாருங்க பாக்குறது?" என்று மனைவி கேட்பார். நியாயமான கேள்விதான். இருவரும் காப்பித் தோட்டத்துக்குப் போனால் தொட்டில் அவள் தலையில்தான் விழும். வருஷத்துக்கு ஒரு பிள்ளை என்றால் அவள் பள்ளிக்குப் போவதே கஷ்டம், பந்து எங்கே? ஒரு பிள்ளைக்கும் அடுத்ததற்கும் மூன்று வருஷ இடைவெளி விடுங்கள். காப்பர்-டி, மாத்திரை, ஊசி எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இரண்டு போதும் என்று முடிவெடுத்தால் ஆணுக்கான கருத்தடைச் சிகிச்சை எளிது. மனைவியை மட்டும் அனுப்பி வைக்காதீர்கள்.

அடிபட்டால்? கணுக்கால் பிசகினால் உடனே எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு எடுக்க வேண்டாம். ஈரத்துணி சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். ஊன்றவே முடியாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை, தெளிவாகப் பேசினாலும், அன்றைக்கு மறுபடி ஆடக்கூடாது. வாந்தி, அரைத்தூக்கம், பேச்சுக் குழறல் இருந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்து சேர நேரமாகும். "விடியட்டும், பாப்போம்" என்று இருந்துவிடாதீர்கள்.