வண்ணத்துப்பூச்சித் தீவில் நம்ம மதுரைவீரன்! கடற்கரையைத் தாண்டி ஒரு குவாதலூப் பயணம்

மேப்பில் பார்த்தால், ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்துக் கடலில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். அதுதான் குவாதலூப். கரீபியன் கடலில் இருந்தாலும் இது பிரான்ஸின் ஒரு மாவட்டம். செலவாகும் பணம் யூரோ, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, தெருவில் கிரியோல். பாரிஸிலிருந்து விமானத்தில் எட்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

இரண்டு சிறகுகளும் தனித்தனித் தீவுகள். நடுவில் 'உப்பு ஆறு' என்று அழைக்கப்படும் ஒடுங்கிய கடல் கால்வாய். பாலத்தில் ஏறி இறங்கினால் அடுத்த தீவு. பெயர்களில்தான் வேடிக்கை. வலது சிறகு கிராந்த்தேர், அதாவது 'பெரிய நிலம்'. ஆனால் இரண்டில் சின்னது அதுதான், பெரும்பாலும் சமவெளி. இடது சிறகு பாஸ்தேர், 'தாழ்ந்த நிலம்'. அங்கேதான் 1,467 மீட்டர் உயர எரிமலை நிற்கிறது! காற்றின் வேகம் குறைந்த, கப்பல் ஒதுங்க வசதியான பக்கத்தை அந்தக் கால மாலுமிகள் 'தாழ்ந்த' என்று சொன்னதால் வந்த பெயர் அது.

டூரிஸ்ட்டுகளில் பெரும்பாலானோர் கிராந்த்தேரின் தெற்குக் கரையோடு நின்றுவிடுகிறார்கள். வெள்ளை மணல், பவளப்பாறைகள் தடுத்து நிறுத்திய அலையில்லாத நீலத் தண்ணீர்... குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது சொர்க்கம்தான். ஆனால், தீவின் கதை இருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம்.

கிழவி தூங்குகிறாள்

பாஸ்தேரில் கால் வைத்ததும் பச்சை நிறம் மாறுகிறது. மழைக்காடு. மரத்தின்மேல் கொடி, கொடியின்மேல் பாசி. 1989-ல் இந்தக் காட்டைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பூங்காவின் சின்னம் ரக்கூன். ஆனால், இது தீவின் சொந்த விலங்கே இல்லை, வட அமெரிக்காவிலிருந்து மனிதர்கள் கொண்டுவந்து விட்டது என்று பிறகு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். வெளியூரிலிருந்து வந்து சின்னமாகவே ஆகிவிட்ட அந்த ரக்கூன், இந்தத் தீவுக்குப் பொருத்தமானதுதான்.

எரிமலையின் சரிவில் மூன்று அடுக்காக விழுகிறது கார்பே அருவி. இரண்டாவது அருவியின் உயரம் மட்டும் 110 மீட்டர். பூர்வகுடிகள் இந்தத் தீவை 'கருக்கேரா' என்று அழைத்தார்கள். 'அழகிய நீர்களின் தீவு' என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். 1493 நவம்பரில் வந்த கொலம்பஸ்தான் ஸ்பெயினில் உள்ள ஒரு மாதா கோயிலின் பெயரை வைத்தார். ஐரோப்பியர்கள் அன்னாசிப்பழத்தை முதன்முதலில் பார்த்ததும் இங்கேதான் என்கிறார்கள்.

எரிமலையின் பெயர் லா சூஃப்ரியேர். 'கந்தகம் கக்குவது' என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளூர் மக்களுக்கு அது 'கிழவி'. ட்ரெக்கிங் தொடங்கும் இடத்திலேயே வெதுவெதுப்பான ஊற்று நீர்க் குளம் ஒன்று உண்டு. இறங்கி வருகிறவர்கள் கால் வலி போக அதில் ஊறிவிட்டுத்தான் போவார்கள். மேலே போகப் போக மரங்கள் குறைந்து புதர், பிறகு பாசி, பிறகு மூடுபனி. அழுகிய முட்டை வாடை வந்தால் உச்சி நெருங்கிவிட்டது என்று அர்த்தம். விஷ வாயு வெளியேறும் பகுதிகளில் வேலி போட்டிருக்கிறார்கள், தாண்டக் கூடாது.

1976-ல் இந்தக் கிழவி கண் விழித்தாள். ஜூலையில் நீராவியும் சாம்பலும் வெடித்துக் கிளம்பின. ஆகஸ்ட்டில் அரசு 70,000-க்கும் மேற்பட்ட மக்களை ஊரைக் காலி செய்ய வைத்தது. தலைநகரான பாஸ்தேர் நகரத்தில் நாய்களும் கழுதைகளும்தான் மிச்சம். 'வெடிக்கும்', 'வெடிக்காது' என்று விஞ்ஞானிகள் பத்திரிகைகளில் சண்டை போட்டுக்கொண்டார்கள். ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சாக் கேமராவோடு ஓடிவந்து, ஊரைவிட்டுப் போக மறுத்து அங்கேயே படுத்திருந்த மனிதரைத் தேடிப் படம் எடுத்தார். கடைசியில் எல்லோரும் பயந்த அந்தப் பெரிய வெடிப்பு வரவே இல்லை. மாதக்கணக்கில் முகாமில் இருந்த ஜனங்கள் வீடு திரும்பினார்கள்.

மத்தூபாவில் வைத்த வெடி

ஆனால், இதே மலையடிவாரத்தில் வேறொரு வெடிப்பு நிகழ்ந்திருக்கிறது. அது மனிதர்கள் தாங்களே வைத்துக்கொண்ட வெடி.

கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்களின் உழைப்பில் வளர்ந்த தீவு இது. பிரெஞ்சுப் புரட்சியின் அலையில் 1794-ல் அவர்கள் விடுதலை ஆனார்கள். எட்டே வருடம்தான். 1802-ல் நெப்போலியன் அனுப்பிய படை வந்து இறங்கியது. அடிமை முறை திரும்பப் போகிறது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பிரெஞ்சு ராணுவத்திலேயே அதிகாரியாக இருந்த லூயி தெல்கிரெஸ் எதிர்த்து நின்றார். மே 28 அன்று மத்தூபா என்ற இடத்தில் படை சுற்றி வளைத்தது. சரணடையாமல், தன்னோடு இருந்த சுமார் 300 பேருடன் வெடிமருந்தைக் கொளுத்தி உயிர் விட்டார். பெண்களும் அதில் உண்டு. தீவில் அடிமை முறை மறுபடி சட்டமானது. அது ஒழிய 1848 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று மத்தூபா குளிர்ந்த, அமைதியான மலைக் கிராமம். நினைவுச்சின்னத்தைப் பார்க்காமல் கடந்து போகிறவர்களே அதிகம்.

விடுதலையானவர்கள் தோட்டத்துக்குத் திரும்ப மறுத்தார்கள். முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். அப்போதுதான் கதைக்குள் தமிழர்கள் வருகிறார்கள்.

மாலியேமின் கோயில்

1854 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியக் கூலிகளோடு கரை சேர்ந்தது. 1889 வரை சுமார் 42,000 பேர் கொண்டுவரப்பட்டார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பல் ஏறிய தமிழர்கள் அவர்களில் ஏராளம். ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்ற பேச்சு. பலர் திரும்பவில்லை. உழைப்பும் நோயும் நிறையப் பேரைக் கொன்றது. கூலியைக் குறைக்க வந்தவர்கள் என்று விடுதலையான கறுப்பின மக்களின் கோபத்துக்கும் ஆளானார்கள்.

இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் குடியுரிமை இல்லை. ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904-ல் இதற்காகச் சட்டப் போராட்டத்தைத் தொடங்கினார். பலன் கிடைத்தது 1923-ல். பத்தொன்பது வருடம்!

மொழி போய்விட்டது. இன்று அவர்களின் வாரிசுகள் பேசுவது கிரியோலும் பிரெஞ்சும்தான். ஆனால், காப்எஸ்தேர் பகுதியில் சாலையோரம் பளிச்சென்ற வண்ணங்களில் ஒரு கோயில் எதிர்ப்படும். அம்மன் பெயர் 'மாலியேமின்'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மாரியம்மன்! காவல் தெய்வம் 'மால்தெவிலின்', நம் மதுரைவீரன். பொருள் புரியாமலே மனப்பாடமாகக் கைமாறி வந்த தமிழ்ப் பாட்டு பூசையில் ஒலிக்கும். ராமசாமி, முத்துசாமி போன்ற பெயர்கள் அங்கே குடும்பப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன.

தீவு முழுவதும் சாப்பிடும் குழம்பின் பெயர் 'கொலம்போ'. மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம் எல்லாம் சேர்ந்த பொடி. கோழியோ ஆடோ போட்டுக் கொதிக்க வைப்பார்கள். பாரம்பரிய உடையில் பெண்கள் தலையில் கட்டும் கட்டம் போட்ட துணிக்குப் பெயர் 'மெட்ராஸ்'. இது கூலித் தமிழர்களுக்கு முன்பே வணிகக் கப்பல்களில் வந்து சேர்ந்தது. தலைக்கட்டில் ஒரு முனை நீட்டியிருந்தால் மனம் காலி, மூன்று என்றால் கல்யாணம் ஆகிவிட்டது என்று ஒரு கணக்கு சொல்வார்கள்!

மண்ணுக்குள் இருப்பது

கோயில் இருக்கும் அதே காப்எஸ்தேர் சாலையில் இருபுறமும் வாழைத்தோட்டங்கள். போட்டோவுக்கு அருமையான இடம். அந்த மண்ணில்தான் தீவின் இன்றைய வேதனையும் இருக்கிறது. வாழையைத் தாக்கும் கூன்வண்டை ஒழிக்க 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற பூச்சிக்கொல்லியைப் போட்டார்கள். பிரான்ஸ் 1990-ல் தடை செய்த பிறகும், தோட்டக்காரர்களுக்காக மூன்று வருட விலக்கு. மண்ணில் நூற்றாண்டுகள் தங்கக்கூடிய விஷம் இது. ஆற்றில் கலந்து கடலுக்குப் போனதால் கரையோரத்தில் சில பகுதிகளில் மீன்பிடிக்கத் தடை. தீவின் பெரியவர்களில் 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தில் இது இருப்பதாக அரசு சுகாதார ஆய்வே சொல்கிறது. 2006-ல் தொடுத்த வழக்கை, குற்றவாளி என யாரையும் நிறுத்த முடியாது என்று 2023 ஜனவரியில் நீதிபதிகள் முடித்துவைத்தார்கள். தீவு கொதித்தது.

ஹோட்டலில் தங்கிச் சாப்பிட்டுவிட்டு வரும் டூரிஸ்ட்டுக்குச் சில நாள்களில் ஒன்றும் ஆகிவிடாது. அங்கேயே வாழ்கிறவர்களின் கதை வேறு. மண்ணைத் தொட்டு வளரும் கிழங்குகளில்தான் விஷம் அதிகம் ஏறும். சேப்பங்கிழங்கும் வள்ளிக்கிழங்கும் அவர்களின் அன்றாடச் சாப்பாடு.

போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, ஜூன் முதல் நவம்பர் வரை புயல் சீசன். ஷெங்கன் விசா மட்டும் இருந்தால் போதாது. விண்ணப்பிக்கும்போதே குவாதலூப் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். காட்டுப் பாதைகளில் ஷூ இல்லாமல் இறங்காதீர்கள். மலையேற்றத்தை விடியற்காலையில் தொடங்குங்கள். பத்து மணிக்கெல்லாம் கிழவி மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டுவிடுவாள்.