தானே எய்யுமா வில்?

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிலே, மதுரை மதிலைக் காத்து நின்ற பொறிகளை இளங்கோவடிகள் நிரல்பட அடுக்கிச் சொல்லுகிறார். அந்நிரலில் முதற்கண் நிற்பது வளைவிற்பொறி. அடியார்க்குநல்லார் இதற்கு உரை வரையும்போது, வளைந்து தானே எய்யும் இயந்திர வில் என்னும் கருத்துப்பட எழுதி மேலே செல்கின்றார். இவ்வுரையைச் சாமிநாதையரவர்கள் 1892ஆம் ஆண்டில் அச்சேற்றினார்கள். அன்று தொட்டு எத்தனையோ ஆசிரியர்கள் இதனை வகுப்பிலே சொல்லி வந்திருக்கின்றனர். நானும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

‘தானே எய்யும்’ என்பன எளிய இரண்டு சொற்கள். ஆயினும் சில காலமாக என் மனம் அவற்றின்மேலே நின்றுவிட்டது. வில் தானே எய்யுமா? எய்யுமாயின், எய்ததனால் வரும் பழி யாரைச் சேரும்? இங்கிலாந்திலே வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் தாம் பயிலும் விற்கழகத்துக்கு என்னை அழைத்துச் சென்று, குறுக்குவில் ஒன்றைக் கையிலே தந்தபொழுது இவ்வினா எழுந்தது.

வளைவிற்பொறி என்றது இக்குறுக்குவில்லையே என்று முடிவுகட்ட நான் துணியேன். அது மதிலிலே நிறுத்திய பொறி. இது ஒருவன் தோளிலே சார்த்தி எய்வது. எனினும் இரண்டும் ஓரினத்தன. வில்லும் பொறியும் கூடிப் பிறந்தவை. ஆதலின், ஒன்றைக் கையாண்டு அறிதல் மற்றொன்றைப் பற்றிச் சிந்திப்பதற்குத் துணை செய்யும்.

வில்லாளி நாணை இழுக்கிறான், இழுத்ததைத் தன் தசை வலியாலே தாங்குகிறான், குறிபார்க்கிறான், விடுகிறான். இந்நான்கும் ஒருவன் உடம்பிலே ஒரே மூச்சில் நிகழ்வன. அவற்றுள்ளே தாங்குதல் என்பது அவனை வருத்துவது. எனவே அவன் நெடுநேரம் நாணேற்றியபடி நில்லான். குறுக்குவில்லிலோ தாங்கும் தொழிலைப் பொறி ஏற்றுக்கொள்ளுகின்றது. ஒரு தண்டு, அதன் தலைப்பிலே குறுக்காகப் பொருத்திய வில், தண்டின் முதுகிலே கணை கிடப்பதற்கு ஒரு சால், நாணைப் பற்றி நிறுத்த ஒரு கொளுக்கி, அக்கொளுக்கியை விடுவிக்க ஒரு விசை. இவ்வளவே அதன் உறுப்புக்கள். நாண் கொளுக்கியில் ஏறிய பின்னர், இழுத்தவன் இளைப்பாறலாம். ஒரு சிறுவனுடைய விரலும் அதனை விடுவித்தல் கூடும். இழுத்தவன் ஒருவன், விடுத்தவன் மற்றொருவன் என்று ஆதலும் கூடும். தனிவில்லுக்கு இல்லாத புதுமை இது. இதன் சிறப்பும் கேடும் இங்கேதான் தொடங்குகின்றன.

சீனர் இப்பொறியை மிகப் பழங்காலத்திலேயே செம்மைப்படுத்தினர். 1974ஆம் ஆண்டில் சியான் நகருக்கு அணித்தாக வெளிப்பட்ட சுடுமண் சேனையோடு, வெண்கலத்தால் வார்த்த குறுக்குவில் விசைகளும் கிடைத்தன. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த மாலிங் போரைப் பற்றிச் சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் ஒரு செய்தி எழுதியுள்ளார். சுன் பின் என்னும் சேனாபதி ஓர் இடுக்கு வழியிலே மரமொன்றின் பட்டையைச் சீவி, பகைச் சேனாபதியாகிய பாங் சுவான் இம்மரத்தின் கீழ் இறப்பான் என்று எழுதுவித்தான். இருமருங்கும் குறுக்குவில்லாளரை மறைந்திருக்கச் செய்தான். தீ தோன்றியதும் எய்க என்பது ஆணை. இரவிலே வந்த பாங் சுவான், மரத்தில் உள்ளதை வாசிக்க விளக்கேற்றினான். வாசித்து முடியுமுன் கணைகள் பாய்ந்தன. ஏற்றிய நாணை ஏற்றியபடியே வைத்துக் காத்திருத்தல் குறுக்குவில்லாளனுக்கே இயல்வது.

வியட்நாமியரிடத்தில் வேறொரு கதை வழங்குகின்றது. ஆன் யுவோங் என்னும் அரசன் கோ லோவாக் கோட்டையைக் கட்டியபோது, பொன்னாமை ஒன்று தன் நகத்தைக் கொடுத்ததாம். அந்நகத்தையே விசையாக அமைத்த குறுக்குவில்லால் அரசன் பகைவரை வென்று வந்தான். பகையரசன் தன் மகனை ஆன் யுவோங்கின் மகளுக்கு மணம் முடித்து வைத்தான். மருகனாய் வந்தவன் விசையை மாற்றிவிட்டான். மறுமுறை பகை வந்தபோது வில் இருந்தது, நாண் இருந்தது. விசை மாத்திரம் போலி. நாடு போயிற்று, தந்தையின் வாளால் மகளும் மாண்டாள். இது பழங்கதையே. ஆயினும் 1959ஆம் ஆண்டில் அக்கோட்டைப் பகுதியிலே ஆயிரக்கணக்கான வெண்கல அம்புமுனைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டமையால், கதைக்குக் கீழே ஏதோ ஓர் உண்மையும் கிடக்கின்றது எனலாம்.

ஐரோப்பாவிலே இக்கருவி அச்சத்தை விளைத்தது. 1139ஆம் ஆண்டில் கூடிய இரண்டாம் இலாத்தரன் சங்கம், கிறித்தவர்மீது வில்லாளரும் குறுக்குவில்லாளரும் தம் தொழிலைச் செலுத்துதல் ஆகாது என்று விதித்தது. விதி ஏட்டோடு நின்றது. 1199ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பிரான்சிலே சாலூஸ் என்னும் சிறு கோட்டையை முற்றுகையிட்ட இங்கிலாந்து மன்னன் முதலாம் றிச்சாட், மதிலிலிருந்து வந்த ஒரு குறுக்குவிற் கணையாலே தோளிற் புண்பட்டான். புண் அழுகி, ஏப்பிரல் 6ஆம் நாள் இறந்தான். சிங்கநெஞ்சன் என்று பெயர் படைத்த அரசனுக்கு ஒரு சிறு கோட்டையின் மதிற்காவலன் கூற்றுவன் ஆயினான். நெடுவில்லிலே தேர்ச்சி பெறுதற்கு இளமை தொட்டுப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். குறுக்குவில்லைச் சில கிழமையிற் கற்கலாம். ஐரோப்பியர் கண்ட அச்சத்தின் ஒரு கூறு இதுவே போலும்.

இனி, நான் கற்ற பாடத்துக்கு வருகிறேன். என் மாணாக்கர் அன்று எனக்கு ஆசிரியர் ஆனார். வில்லைத் தொடுமுன் அதனைப் பார்க்கச் சொன்னார். நாணிலே இழை அறுந்திருக்கின்றதா, வில்லின் இரு கைகளிலும் கீறல் உண்டா, ஆணிகள் தளர்ந்துள்ளனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நாணுக்கு மெழுகு பூசுதல் வழக்கம். உராய்வினால் நாண் தேயாதிருத்தற்கு அது காப்பு. கீறல் கண்ட வில்லை அன்றைக்கு எடுப்பதில்லை. திருத்துவோன் பார்த்துத் தந்த பின்னரே எடுப்பது.

அடுத்து நாணேற்றல். தண்டின் தலைப்பிலே குதிரையின் அங்கவடி போன்ற ஒரு வளையம் உண்டு. வில்லை நிலத்தை நோக்கிக் கவிழ்த்து, அவ்வளையத்துள் காலை நன்றாக ஊன்றி, நாணை இரு கையாலும் ஒருசேர இழுத்தல் வேண்டும். ஒரு கை முந்தி மறுகை பிந்தினால் நாண் நடுவிலகிக் கொளுவும். கணை ஒரு பக்கம் ஒதுங்கிச் செல்லும். இக்காலக் குறுக்குவிற்களில் 150 இறாத்தலுக்கு மேற்பட்ட இழுவை உடையனவும் உண்டு. அத்தகையவற்றுக்குக் கொளுக்கிகள் பூட்டிய கயிறு ஒன்று உதவும். கப்பியின் முறையாலே அது வருத்தத்தைப் பாதியாக்கும். இரு புறமும் ஒப்ப இழுக்கவும் செய்யும். கொளுக்கி பற்றிய ஓசை தெளிவாகக் கேட்ட பின்னரே கையை எடுத்தல் வேண்டும். உடனே காப்புத் தாழ் விழுந்துள்ளதா என்றும் நோக்குதல் வேண்டும். விரல் விசையினின்றும் விலகியே இருக்கும்.

பின்னர்க் கணை. அவ்வில்லுக்கென்று விதித்த நீளமும் நிறையும் அடியமைப்பும் உடைய கணையையே இடுதல் வேண்டும். இறகுகள் மூன்றனுள் நிறம் வேறுபட்டது சாலுக்குள்ளே கீழ்நோக்கி அமையும். கணையின் அடி நாணைத் தொடும்வரை பின்னே தள்ளுதல் வேண்டும். இடையிலே வெளி இருந்தால் நாண் கணையைத் தள்ளாது அடித்துவிடும். கணையே இல்லாமல் விசையை இழுத்தல் பெருங்கேடு. வில்லிலே சேர்ந்திருக்கும் ஆற்றலைக் கொண்டுசெல்லக் கணை இல்லாதபோது, அது வில்லையே தாக்கும். கைகள் பிளக்கும், நாண் அறும், துண்டு பறந்து எய்தவன் முகத்திலும் படலாம்.

தண்டைத் தாங்குவதற்கு இடக்கையை வைத்தேன். “ஐயா, பெருவிரல் மேலே வரக்கூடாது. நாண் ஓடும் வழியில் நின்றால் விரல் மிஞ்சாது” என்றார். சொல்லியதோடு நில்லாது, என் விரலைத் தாமே பிடித்துக் கீழே இறக்கி வைத்தார். வில்லின் இரு கைகளும் முன்னோக்கித் தாவும்போது தட்டுவதற்கு மரமோ தூணோ ஆளோ அருகில் இல்லை என்பதையும் காட்டினார். “இலக்கைப் பார்க்க முதல் இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கோ” என்றார். கணையைத் தடுத்து நிறுத்தும் திண்ணிய பின்னணி இல்லாத இடத்தில் எய்தல் இல்லை.

எய்வோர் யாவரும் ஒரு கோட்டிலே நிற்பர். கோட்டுக்கு முன்னே ஒருவரும் செல்லார். கணை பொறுக்கும் நேரம் வேறு. எய்யும் நேரம் வேறு. நிறுத்துக என்னும் சொல்லை எவர் கூறினும், அவர் புதியவராயினும், எல்லாரும் நிறுத்திவிடல் வேண்டும். நாணேற்றிய வில்லைத் தோளிலே மாட்டிக்கொண்டு உலாவுதலும், கீழே வைத்துவிட்டு அப்பாற் செல்லுதலும் அங்கே விலக்கு. எய்யாது விட எண்ணினும் நாணைக் கையால் மெல்ல இறக்க முயலார். அதற்கென்று வைத்துள்ள கணையை இலக்கிலே எய்தே நாணைத் தளர்த்துவர். அந்நாட்டுச் சட்டமும் இக்கருவிக்கு வேலி இட்டுள்ளது. 1987ஆம் ஆண்டுக் குறுக்குவிற் சட்டம் பின்னர்த் திருத்தப்பட்டதன்படி, 18 வயது நிரம்பாதார்க்கு இதனை விற்றல் குற்றம். இதனாலே விலங்கு வேட்டையாடுதலும் அங்கே சட்டத்துக்கு மாறானது.

நான் எய்த கணைகள் எங்கே தைத்தன என்பது ஈண்டுப் பொருளன்று. இவ்வளவு விதிகளையும் கேட்டபோது எனக்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது. வேற்றுமை மயங்கியலிலே, ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டுவன எட்டு என்று ஆசிரியர் எண்ணுகிறார். தொழில், அதனைச் செய்பவன், செய்யப்படும் பொருள், இடம், காலம், கருவி, இன்னதற்கு என்பது, இது பயன் என்பது ஆகியன அவை. விற்கழகத்தார் தொல்காப்பியம் பயின்றவர் அல்லர். ஆனால் அவர்கள் வைத்த விதி ஒவ்வொன்றும் இவ்வெட்டனுள் ஒன்றைக் காப்பதாகவே அமைந்திருக்கின்றது. நாணைப் பார்த்தல் கருவியைக் காத்தல். பின்னணியைப் பார்த்தல் இடத்தைக் காத்தல். கட்டளைக்குக் காத்திருத்தல் காலத்தைக் காத்தல். வயதெல்லை செய்பவனைப் பற்றியது. வேட்டை விலக்கு எதற்கு என்பதைப் பற்றியது.

விபத்து நேர்ந்த பின்பு மக்கள் பேசும் பேச்சைக் கவனித்தால் இது விளங்கும். “கை தவறிவிட்டது” என்பர். “விசை விடுபட்டுவிட்டது” என்பர். “துவக்கு வெடித்துவிட்டது” என்பர். கருவியை வினைமுதலாக்கிச் சொல்லுதல் தமிழிலே வழுவன்று. வாள் வெட்டிற்று என்றால் அதனைப் பிழை என்று சிவப்பு மையால் வெட்ட நமக்கு உரிமை இல்லை. இலக்கணம் அவ்வழக்கை ஏற்கும். ஆனால் அவ்வாறு பேசும்போது வாக்கியத்தினின்றும் ஓர் ஆள் நழுவிவிடுகிறான். நாணேற்றியவன் யார், ஏற்றியபடி வைத்துப் போனவன் யார், காப்புத் தாழைப் பாராதவன் யார் என்னும் வினாக்கள் எழாமலே போய்விடுகின்றன.

இவ்வாறு ஆள் நழுவுவதை நம் நாட்டிலே காண்பதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. காட்டோரத்திலே பன்றிக்கென்று கட்டுத்துவக்குக் கட்டுவார் உளர். சட்டம் அதனைத் தடுத்திருந்தும் கட்டுகின்றனர். விசையிலே ஒரு கம்பி. கம்பியைத் தொட்டது எதுவாயினும் வெடி அதற்கே. விறகுக்குப் போன தாயும், தேனுக்குப் போன தந்தையும், வழிதப்பிய யானையும் அதற்கு ஒன்று. கட்டியவன் அப்போது தன் வீட்டிலே உறங்கிக்கொண்டிருப்பான். மறுநாள் ஊரார், “கட்டுத்துவக்கு வெடித்து ஒருவருக்குக் கால் போய்விட்டதாம்” என்பர். வாக்கியம் இலக்கண வழுவின்றி முற்றுப்பெறும். கட்டியவன் அதிலே இரான்.

அடியார்க்குநல்லார் ‘தானே’ என்றது மதிற்பொறியின் திறத்தைப் புலப்படுத்துதற்கு. அதிலே குறை காண்பது என் நோக்கமன்று. மதுரை மதிலிலே அப்பொறியை நிறுத்தியவன் பாண்டியன் என்பது காப்பியம் கற்பார் யாவர்க்கும் தெரியும். அவன் மதிலுக்கு வெளியே நின்ற பகைவரை நோக்கியே அதனை நிறுத்தினான். அங்கே வினைமுதல் மறைந்து போகவில்லை.

ஆதலின், இச்சொல்லுக்கு உரை சொல்லும் ஆசிரியர்கள் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்றல் நன்று என்பது என் கருத்து. வளைந்து தானே எய்யும் வில் என்று உரைகாரர் சொன்ன பொருளைச் சொல்லுக. சொல்லிய பின், அதனை வளைத்து வைத்தவன் யாவன் என்று மாணாக்கரையே வினாவுக. அவர்கள் தேடி விடை சொல்லட்டும். துவக்கு வெடித்தது என்று நாளை ஊரிலே யாரேனும் சொல்லக் கேட்கும்போது, கட்டியவன் யார் என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு அந்த வகுப்பிலிருந்தே வரக்கூடும்.