பாசி எடுக்கும் பெண்களும் கடல் படிக்கும் வளாகங்களும்

ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் மே 27 முதல் ஜூன் 3 வரை நல்லிணக்க வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாள்களில் பல்கலைக்கழக வளாகங்களில் தொல்குடி மூத்தோர் வரவேற்புச் சடங்கு நிகழ்த்துவதும், தம் நிலத்தின் செடிகொடிகளையும் நீர்நிலைகளையும் உறவுமுறைகளையும் பற்றி மாணவர்களுக்கு எடுத்துரைப்பதும், குடியேற்ற ஆட்சி இழைத்த கொடுமைகளைக் குறித்து வெளிப்படையான உரையாடல்கள் நடைபெறுவதும் இப்போது வழக்கமாகிவிட்டன. கனடாவில், தொல்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி 2008 முதல் 2015 வரை விசாரித்த ஆணையம் 94 பரிந்துரைகளை முன்வைத்தது. அவற்றில் பல கல்வி நிறுவனங்களை நோக்கியவை. 2021 முதல் அங்கே செப்டம்பர் 30 உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாக விளங்குகிறது.

இத்தகைய நிகழ்ச்சிகள் வெறும் கலைவிழாக்களாகச் சுருங்கிவிடும் இடர் எப்போதும் உண்டு என்றாலும், அவற்றின் பின்னால் நீரையும் நிலத்தையும் பற்றிய உரிமைப் போராட்டங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலிய வாரத்தின் நிறைவு நாளான ஜூன் 3, டாரஸ் நீரிணைத் தீவொன்றில் பிறந்த எடி மாபோ தொடுத்த வழக்கில் 1992இல் அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் தொல்குடியினரின் நில உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்த நாளாகும். டவுன்ஸ்வில் நகரின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்டப் பணியாளராக இருந்த மாபோ, தம் முன்னோர் நிலம் சட்டத்தின் பார்வையில் அரசுடைமை என்பதை அங்கிருந்த வரலாற்றாசிரியர்கள் வாயிலாக அறிந்து, 1981இல் அதே வளாகத்தில் நடந்த நில உரிமை மாநாட்டில் பேசி, அதன் தொடர்ச்சியாக வழக்காடினார். தீர்ப்பு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் காலமானார். 2008இல் அப்பல்கலைக்கழக நூலகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இராமநாதபுரம் கடற்கரையில் இந்த வகையான வாரம் எதுவும் கொண்டாடப்படுவதில்லை. இந்தியச் சட்டத்தில் பழங்குடி என்பது அரசமைப்பின் பட்டியலில் இடம்பெற்ற சமூகங்களை மட்டுமே குறிப்பதால், பரவர், கடையர், வலையர், கரையார் முதலிய கடலோர மக்கள் அந்த வரையறைக்குள் வருவதில்லை; மீனவர்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுங்காலமாக நிலுவையில் இருக்கிறது. ஆயினும், ஒரு மக்கள் கூட்டத்தின் அறிவைச் சார்ந்து வளர்ந்த கல்வி நிறுவனங்கள் அம்மக்களுக்கு என்ன கடன்பட்டிருக்கின்றன என்ற கேள்வி, சட்டப் பட்டியலோடு முடிந்துவிடுவதில்லை.

இக்கடற்கரையில் அத்தகைய நிறுவனங்களுக்குக் குறைவில்லை. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், 1971இல் கொச்சிக்கு இடம் மாறும் வரை மண்டபத்தையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. அதன் மண்டல மையம் இன்றும் அங்கே இயங்குகிறது. பாசிகளை ஆராயும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் மண்டபத்தில் உள்ளது. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டி வளாகத்தில் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் புதுமடத்தில் கடலாய்வு நிலையம் வைத்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னரே, சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூல் வெளியிட்டார். 1927இல் மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிய ஆய்வுத் தொகுதியைச் சென்னை அரசு அருங்காட்சியகம் பதிப்பித்தது. மூச்சடக்கிக் கடலடி சென்ற குளியாளிகளும், எந்தத் திட்டு எந்தக் காற்றில் தெளியும் என்று சொல்லிப் படகு செலுத்தியவர்களும் இல்லாமல் அக்காலத்தில் இந்தக் கடலை ஆராய்ந்திருக்க இயலாது. நூல்களின் முகப்பில் நின்றது ஆய்வாளர் பெயர் மட்டுமே.

அந்த அறிவின் இன்றைய உரிமையாளர்களில் முதன்மையானவர்கள் பாசி எடுக்கும் பெண்கள். பாம்பன் அருகேயுள்ள சின்னப்பாலம் முதலிய ஊர்களைச் சேர்ந்த இவர்கள், விரல்களில் துணி சுற்றி, நீர்க்கண்ணாடி அணிந்து, இடுப்பில் வலைப்பையோடு தீவுகளைச் சுற்றியுள்ள பாறைத் திட்டுகளில் மூழ்கி மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை ஆகியவற்றைப் பறிக்கிறார்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் நீரின் ஏற்றமும் வற்றமும் மிகுவதால், வற்றிய நேரத்தில் எந்தத் திட்டில் பாசி கைக்கு எட்டும் என்பதும், வாடைக் காற்றில் எந்தப் பக்கம் கலங்கும், கச்சானில் எந்தப் பக்கம் அடங்கும் என்பதும் இவர்களுக்குச் சிறு வயதிலேயே பழகிப்போன பாடங்கள். பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதியை விட்டு மேற்பகுதியை மட்டும் கையால் பறித்தால் பாசி மீண்டும் தழைக்கும் என்பதை இவர்கள் கண்டறிய ஆய்வகம் தேவைப்படவில்லை. ஆனால், ஆய்வகங்களுக்கு இவர்கள் தேவைப்படுகிறார்கள்: நுண்ணுயிரிகளை வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றப்படும் அகர் என்னும் கூழ்மம் மரிக்கொழுந்து போன்ற சிவப்புப் பாசிகளிலிருந்தே எடுக்கப்படுகிறது. பல்கலைக்கழக உயிரியல் மாணவர் அன்றாடம் கையாளும் பொருள் ஒன்று இந்தப் பெண்களின் உழைப்போடு இவ்வாறு பிணைந்திருக்கும்போது, பாடத்திட்டத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரியேனும் இருந்தாக வேண்டும்.

1986இல் தமிழ்நாடு அரசு, இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் சேர்த்து ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர் பரப்பை மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தேசியப் பூங்காவுக்குள் ஒப்புதலின்றி நுழைவதும் எதையேனும் எடுப்பதும் குற்றம் என்பதால், தாயும் பாட்டியும் இறங்கிய அதே திட்டில் இறங்கிய பெண்கள் ஒரே அறிவிப்பில் அத்துமீறுவோர் ஆனார்கள். வனத்துறையினரின் தடுப்பு, தண்டத்தொகை, பாசிப் பறிமுதல் ஆகியவை அவர்களின் வாழ்வில் வழக்கமாயின. பாதுகாப்பு தேவையில்லை என்று எவரும் வாதிட முடியாது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகள் வெட்டப்பட்ட கொடுமையும் ஒரு காரணமாக, 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. எனினும், எல்லை வரைந்தபோது அந்தக் கடலை நன்கு அறிந்தவர்களிடம் அதைப் பற்றிக் கேட்கத் தவறியது பாதுகாப்புக்கே நேர்ந்த இழப்பு.

அந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்ய முயன்றவர்கள் பெண்களே. மாதத்தில் குறிப்பிட்ட சில நாள்களில் மட்டும் கடலில் இறங்குவது, பாசி வளரும் பருவத்தில் ஓய்வு விடுவது, இரும்புக் கருவிகளால் பாறையைச் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது என்னும் விதிகளைச் சங்கமாகக் கூடித் தமக்குத்தாமே வகுத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, இப்பணிக்கு வழிகாட்டியதற்காக 2015இல் சீக்காலஜி என்னும் அமெரிக்க அமைப்பின் பரிசைப் பெற்றார். தீவுச் சூழலைக் காப்போருக்கு வழங்கப்படும் அந்த விருது கலிபோர்னியாவிலிருந்து வந்தது என்பதைப் பக்கத்துக் கல்விக்கூடங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அறிவியல் வளாகங்களின் வழியாக இங்கே வந்த கப்பாஃபைக்கஸ் என்னும் அயல் பாசியின் கதை இன்னும் சிக்கலானது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கப்பட்டு, ஊர்மக்களால் பெப்சிப் பாசி என்றே அழைக்கப்பட்ட இது, பல குடும்பங்களுக்கு நிலையான வருமானம் தந்தது. அதே பாசி குருசடைத் தீவருகே பவளப்பாறைகளின் மேல் படர்ந்து மூடுவதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்தனர். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம், ஓர் உயிரின வளத்தால் நிறுவனங்கள் பெறும் ஆதாயத்தில் அவ்வளத்தைப் பேணியவர்களுக்கும் பங்கு தரவேண்டும் என்கிறது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த தொடக்கக்கால எடுத்துக்காட்டுகளில் ஒன்று இந்தப் பாசிதான்: ஏற்றுமதி மதிப்பில் 5 விழுக்காடு தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்குச் செலுத்தப்பட்டு வளர்ப்போருக்காக ஒதுக்கப்பட்டது. வெளியிலிருந்து வந்த பாசிக்குக் கிடைத்த இந்த ஏற்பு, இம்மண்ணின் மரிக்கொழுந்தை அறிந்து காத்தவர்களுக்கும் கிடைப்பதே முறை.

வளாகங்களுக்கு வெளியே சில நல்ல தொடக்கங்கள் நிகழ்ந்துள்ளன. 2016 ஆகஸ்டு 15 அன்று பாம்பனில் தொடங்கிய கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி, கடல் அறிவையும் பருவநிலை மாற்றத்தையும் மீனவர்களின் சொந்தப் பேச்சிலேயே ஒலிபரப்புகிறது. காரங்காட்டில் அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்க்க வருவோருக்கு, வனத்துறையின் சூழல் சுற்றுலாத் திட்டத்தில் ஊர்மக்களே படகோட்டி வழிகாட்டுகிறார்கள்.

தொண்டி அருகே வளமாவூரில் 2023இல் அடிக்கல் நாட்டப்பட்ட பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா, விதைப்பாசி உற்பத்தியோடு பயிற்சியையும் நோக்கமாகக் கொண்டது. அங்கே பாசி எடுக்கும் பெண்கள் மிதவை கட்டக் கற்றுக்கொள்ளும் பயனாளிகளாக மட்டும் அமர்த்தப்படுவார்களா, மதிப்பூதியம் பெறும் ஆசிரியர்களாகவும் ஆய்வுக் கட்டுரைகளின் இணையாசிரியர்களாகவும் அமர்த்தப்படுவார்களா என்பதைத் திட்டம் வகுப்போர் இப்போதே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். தீவுகளைச் சுற்றி எந்த மாதங்களில், எத்தனை பேர், எந்த விதிகளின்கீழ் பாசி எடுக்கலாம் என்பதைப் பெண்களின் சங்கமும் வனத்துறையும் அருகிலுள்ள ஆய்வு நிறுவனங்களும் ஒன்றாக அமர்ந்து வரைவதற்கும் அதுவே உரிய தருணம்.