பெயரும் திறனும்

நுழையும்முன்

தேங்காய் வாங்குபவர் தட்டிப் பார்க்கிறார். வெண்டைக்காய் வாங்குபவர் நுனியை ஒடித்துப் பார்க்கிறார். தட்டவும் ஒடிக்கவும் இயலாத ஒரு பொருளை எவ்வாறு ஆராய்ந்து வாங்குவது? கணினியின் செயலி அத்தகையது. அதன் பெயரும் எண்ணும் மட்டுமே நம் கண்ணுக்குத் தெரிகின்றன. அவை எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதை அறிவோம்.

கல்லூரிக்குச் செல்லும் மகளுக்கோ மகனுக்கோ வாங்கும் கணினி, பல குடும்பங்களில் பல மாதச் சேமிப்பின் பயனாகும். கடையில் நுழைந்ததும் எழும் முதல் வினா, "இன்டெல்லா, ஏ.எம்.டி.யா?" என்பது. விடை தெரியாதவர் பலர், தாம் முன்பே கேள்விப்பட்ட பெயரைச் சொல்லிவிடுகின்றனர். ஒரு நொடியில் சொல்லப்பட்ட அந்த விடையோடு அக்குடும்பம் நான்கைந்து ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கிறது. ஆகவே, அதனை ஆராய்ந்து சொல்வதே நன்று.

போட்டி பிறந்த கதை

நினைவகத்திலுள்ள கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் பொருளறிந்து நிறைவேற்றும் சில்லே செயலி. 1971ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அது ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் கணக்கிடும் பொறிக்காக உருவாக்கப்பட்டது.

இன்டெல் 1968ஆம் ஆண்டிலும் ஏ.எம்.டி. 1969ஆம் ஆண்டிலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கப்பெற்றன. இரண்டையும் தோற்றுவித்தவர்கள் ஃபேர்சைல்டு என்னும் ஒரே நிறுவனத்தில் பணியாற்றி வெளியேறியவர்கள். 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். தன் தனியாள் கணினிக்கு இன்டெல்லின் 8088 செயலியைத் தேர்ந்தெடுத்தது. எனினும், இன்றியமையாத ஓர் உறுப்புக்கு ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க அது விரும்பவில்லை. அதே செயலியைச் செய்து தரும் இரண்டாம் நிறுவனமும் வேண்டும் என்றது. அதன் விளைவாக, 1982இல் இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் தொழில்நுட்ப உடன்பாடு செய்துகொண்டன. இன்று நமக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருப்பதற்கு, அன்று ஒரு வாங்குபவர் காட்டிய முன்னெச்சரிக்கையும் ஒரு காரணம் எனலாம்.

பின்னர் வந்த 386 செயலியின் வடிவமைப்பை இன்டெல் பகிர்ந்துகொள்ள மறுத்தது. ஏ.எம்.டி. தன் 386 வகைச் செயலியை 1991இல் வெளியிட்டது. வெறும் எண்ணை ஒரு நிறுவனம் தனக்கே உரிய வணிகப் பெயராக்கிக்கொள்ள இயலாது என்பதும் அக்காலத்தில் தெளிவாயிற்று. எனவே, 1993இல் வெளிவந்த அடுத்த செயலிக்கு இன்டெல், 586 என்னாமல் 'பென்டியம்' எனப் பெயரிட்டது. ஐந்து எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். செயலிகள் எண்ணை விட்டுப் பெயரால் விற்கப்படும் காலம் இவ்வாறு தொடங்கிற்று.

தெரியுமா?
பென்டியம் செயலியின் உருவாக்கத்தில் முதன்மைப் பங்காற்றியவர் புனேயில் பிறந்த பொறியாளர் வினோத் தாம். அவரே பின்னாளில் ஏ.எம்.டி.யில் கே6 செயலியின் பணியிலும் பங்கேற்றார். நிறுவனப் பெயர்கள் வேறாயினும் அறிவு இருபுறமும் பாய்ந்துள்ளது.

எண் தரும் மயக்கம்

செயலி ஒரு கடிகாரத் துடிப்புக்கு ஏற்ப இயங்குகிறது. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு நூறு கோடித் துடிப்புகள். துடிப்பு மிகுந்தால் வேகமும் மிகும் என்று எண்ணுவது இயல்பே. ஆயினும், ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு பணி முடிகிறது என்பதையும் சேர்த்தே வேகத்தைக் கணக்கிட வேண்டும். சிறு செம்பால் விரைந்து விரைந்து நீர் மொள்பவரைவிட, பெருங்குடத்தால் நிதானமாக மொள்பவர் தொட்டியை முன்னதாக நிரப்பிவிடக்கூடும்.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த பென்டியம் 4, உயர்ந்த துடிப்பை நோக்கி வடிவமைக்கப்பட்டது. ஒரு துடிப்பில் அது முடித்த பணி குறைவு. மறுபுறம், 2001இல் ஏ.எம்.டி. தன் 1.53 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு 'ஆத்லான் எக்ஸ்பி 1800+' எனப் பெயரிட்டது. துடிப்பு எண்ணை மட்டுமே நோக்கும் வாங்குபவரின் பார்வையை மாற்றவே அந்த ஏற்பாடு. பின்னர் இன்டெல்லும் தன் வழியை மாற்றிக்கொண்டது. 2006இல் அது வெளியிட்ட கோர் 2 செயலிகள், பென்டியம் 4ஐவிடக் குறைந்த துடிப்பில் மிகுந்த பணியை முடித்தன.

உள்ளகமும் தலைமுறையும்

இன்றைய செயலி ஒவ்வொன்றிலும் கோர் எனப்படும் உள்ளகங்கள் பல உள்ளன. உள்ளகங்கள் பெருகினால் எல்லாப் பணியும் விரைவுபடும் என்பதில்லை. பத்துப் பேர் சேர்ந்தால் நாற்று நடவு விரைவில் முடியும். பத்து அடுப்புகளை மூட்டினாலும் ஒரு பானைச் சோறு விரைவில் வேகாது. காணொலித் தொகுப்பு நடவைப் போன்றது, பிரித்தளித்துச் செய்யத்தக்கது. முன் கணக்கின் விடைக்காக அடுத்த கணக்கு காத்திருக்கும் பணியோ சோற்றுப் பானையைப் போன்றது. பகுக்க இயலாத பகுதியே மொத்த வேகத்திற்கு எல்லை வகுக்கிறது என்பதைக் கணினியியலார் அம்தால் விதி என்பர்.

கோர் ஐ3, ஐ5, ஐ7 எனவும் ரைசன் 3, 5, 7 எனவும் வரும் எண்கள், ஒரு தலைமுறைக்குள் செயலியின் படிநிலையைக் காட்டுவன. தலைமுறை கடந்து அவற்றை ஒப்பிடுதல் பிழையாகும். 2013இல் வெளிவந்த கோர் ஐ7–4770, 2022இல் வெளிவந்த கோர் ஐ3–12100 ஆகிய இரண்டிலும் நான்கு உள்ளகங்களே உள்ளன. 'ஏழு' என்ற பெயர் கொண்ட முன்னதைவிட, 'மூன்று' என்ற பெயர் கொண்ட பின்னதே விரைவானது. பழைய மடிக்கணினியை "ஐ7" என்று சொல்லி விற்பவரிடம், "எந்தத் தலைமுறை?" என்று கேட்பது நம் கடமை. மடிக்கணினிச் செயலியின் பெயர் இறுதியில் வரும் 'யு' மின்சிக்கனத்தையும் 'ஹெச்' மிகுதிறனையும் குறிப்பது வழக்கம்.

பணிக்கேற்ற தேர்வு

கட்டுரை எழுதவும் இணையவழிப் பாடம் கேட்கவும் நிரல் எழுதிப் பழகவும் அண்மைத் தலைமுறையின் இடைநிலைச் செயலியே போதும். அதற்கு மேல் செலவிடும் பணத்தை முதன்மை நினைவகத்திற்கும், எஸ்.எஸ்.டி. எனப்படும் விரைவுச் சேமிப்பகத்திற்கும் ஒதுக்கினால் பயன் மிகும். நினைவகம் போதாத கணினியில் விலையுயர்ந்த செயலியும் காத்துக் கிடக்கும். காணொலித் தொகுப்புக்கு உள்ளகங்களின் எண்ணிக்கையும், முப்பரிமாண விளையாட்டுகளுக்கு வரைகலைச் செயலியின் திறனும் முதன்மை பெறும். நாம் பயன்படுத்தவிருக்கும் மென்பொருளைக் கொண்டே இரு செயலிகளையும் அளந்த சோதனை முடிவுகள் கிடைக்குமாயின், அவையே விளம்பரத்தினும் நம்பத்தக்கவை.

"எந்த நிறுவனமே சிறந்தது?" என்பதற்கு நிலையான விடை இல்லை. 2003இல் ஏ.எம்.டி. கொண்டுவந்த 64 பிட் விரிவாக்கத்தை மறு ஆண்டே இன்டெல் பின்பற்றியது. 2006இல் இன்டெல் முந்தியது. 2017இல் ஏ.எம்.டி.யின் ரைசன் செயலிகள் எட்டு உள்ளகங்களைப் பலரும் வாங்கத்தக்க விலைக்குக் கொண்டுவந்தன. அதே ஆண்டில் இன்டெல்லும் தன் பொதுப்பயன் செயலிகளில் உள்ளகங்களை நான்கிலிருந்து ஆறாக உயர்த்தியது. ஒருவர் முந்தும்போதெல்லாம் மற்றவர் விரைகின்றார். பயன் வாங்குவோரைச் சேர்கிறது. பெயர் ஒன்றையே பற்றிக்கொண்டு கண்ணை மூடி வாங்குவோர் பெருகினால், அவ்விரைவுக்குக் காரணமான போட்டியே தளர்ந்துவிடும்.

ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரமும், தெளிந்தவரை ஏற்ற பணியில் அமர்த்துவதற்கு அடுத்த அதிகாரமுமாகத் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என்பனவற்றைத் திருக்குறள் வகுத்துள்ளது. மனிதருக்குச் சொல்லப்பட்ட அவ்வரிசை கருவிக்கும் பொருந்தும். முதலில் நம் பணி யாதெனத் தெளிவோம். பின்னர் அதற்குரிய திறனைத் தேடுவோம். பெயரை இறுதியில் கேட்போம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளிக் கணினி ஒன்றின் செயலிப் பெயர், தலைமுறை, உள்ளகங்களின் எண்ணிக்கை, நினைவக அளவு ஆகியவற்றைக் கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.

2. கல்லூரியில் சேரவிருக்கும் மாணவர் ஒருவருக்குக் கணினி வாங்க, விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய ஐந்து வினாக்களை எழுதுக.