டெவலப்பர்கள் மாயம்... ஆனாலும் உடையாத பூட்டு! பென்டிரைவைப் பாதுகாக்கும் ‘வெராகிரிப்ட்’ வந்த கதை

சென்டாக் விண்ணப்பம் போட வில்லியனூரிலோ பாகூரிலோ ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போகிறீர்கள். ஆதார், மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், வீட்டுப் பட்டா எல்லாம் ஒரே பென்டிரைவில். வீடு திரும்பிப் பார்த்தால் பென்டிரைவைக் காணோம்! புதுசு வாங்கிவிடலாம். ஆனால், பழையது யார் கையில் சிக்கியதோ, அவர் அதைச் செருகினால் போதும். மொத்தமும் திறந்துகொள்ளும்.

இதைத் தடுக்க இலவசமாகவே ஒரு பூட்டு இருக்கிறது. அதன் பின்னால் ஒரு மர்மக் கதையும் இருக்கிறது.

என்கிரிப்ஷன் என்றால் என்ன?

ஃபைலில் உள்ளதை யாருக்கும் புரியாத குவியலாக மாற்றுவதுதான் என்கிரிப்ஷன். சரியான பாஸ்வேர்டு போட்டால்தான் பழையபடி படிக்க முடியும். பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்பதை, அதாவது சோர்ஸ் கோடை, எல்லோரும் பார்க்கும்படி வைத்தால் அது ஓபன் சோர்ஸ். செய்முறை தெரிந்தாலும் சாவி இல்லாமல் திறக்க முடியாது.

ட்ரூகிரிப்ட்: முகம் தெரியாதவர்கள் செய்த பூட்டு

1991-ல் அமெரிக்காவின் ஃபில் ஜிம்மர்மன் ‘பிஜிபி’ என்ற என்கிரிப்ஷன் சாஃப்ட்வேரை சோர்ஸ் கோடுடன் இலவசமாக வெளியிட்டார். அது வெளிநாடுகளுக்கும் பரவியதால் அவர் மீது அமெரிக்க அரசு விசாரணை நடத்தியது. 1996-ல் வழக்குப் போடாமலேயே அதைக் கைவிட்டது.

2004 பிப்ரவரியில் வந்தது ட்ரூகிரிப்ட். ஃபைல்களை மட்டுமல்ல, முழு பென்டிரைவையும் பூட்டலாம். உலகம் முழுக்கப் பயன்படுத்தினார்கள். ஆனால், செய்தவர்கள் யார் என்றே தெரியாது!

‘உள்ளே ரகசிய வழி வைத்திருந்தால்?’ என்ற சந்தேகம் எழுந்தது. 2013-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, கோடை நிபுணர்களிடம் கொடுத்துச் சோதிக்கும் வேலை தொடங்கியது.

2014 மே 28: திடீர் மூடல்

சோதனை பாதியில் இருந்தபோதே, ‘ட்ரூகிரிப்ட் பாதுகாப்பானது அல்ல, மைக்ரோசாஃப்ட்டின் பிட்லாக்கருக்கு மாறுங்கள்’ என்று இணையதளத்தில் அறிவித்துவிட்டு டெவலப்பர்கள் ஒதுங்கிவிட்டார்கள். 2015 ஏப்ரலில் சோதனை முடிவு வந்தது. சில குறைகள் இருந்தன. ஆனால், வேண்டுமென்றே வைத்த ரகசிய வழி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

கை மாறிய கோடு

செய்தவர்கள் போனாலும் கோடு போகவில்லை. அதை எடுத்து, பிரான்ஸின் ஐட்ரிக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த முனீர் இத்ராசி 2013-லேயே வெராகிரிப்ட்டை வெளியிட்டிருந்தார். பாஸ்வேர்டை ஊகித்துத் திறப்பது இதில் இன்னும் கடினமாக்கப்பட்டது. 2016-ல் இதையும் சோதித்ததில் 8 பெரிய குறைகள் சிக்கின. பெரும்பாலானவை உடனே சரிசெய்யப்பட்டன. திறந்த கோடின் பலமே இதுதான். குறையே இருக்காது என்பதில்லை, குறையை மறைக்க முடியாது.

இந்தியாவில் என்ன நிலை?

2015 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு என்கிரிப்ஷன் கொள்கை, பூட்டிய தகவலின் பூட்டாத நகலை 90 நாட்கள் வைத்திருக்கச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பவே, சில நாட்களிலேயே வாபஸ் பெறப்பட்டது. அதேநேரம், ஐடி சட்டத்தின் 69-வது பிரிவின்படி முறையான உத்தரவு வந்தால் தகவலைத் திறந்து காட்ட உதவ வேண்டும். மறுத்தால் 7 ஆண்டுகள் வரை சிறை.

பயன்படுத்தும் முன் கவனிக்க...

* விண்டோஸ், மேக், லினக்ஸில் இயங்கும். செல்போனுக்கு அதிகாரப்பூர்வ ஆப் கிடையாது.
* பூட்டிய பென்டிரைவை வெளிக் கம்ப்யூட்டரில் திறக்காதீர்கள். தட்டும் பாஸ்வேர்டை அது பதிவு செய்யலாம். அன்றைக்குத் தேவையான ஃபைலை மட்டும் தனியாக எடுத்துப் போங்கள்.
* இதில் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?’ பட்டன் இல்லை. மறந்தால் ஃபைல் போச்சு, அவ்வளவுதான். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பீரோவில் வையுங்கள். பென்டிரைவோடு சேர்த்து மட்டும் வைக்காதீர்கள்!