பகலில் தூங்க வேண்டியவர்கள்

இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் செவிலியருக்கு உடல் ஓய்ந்திருந்தும் தூக்கம் பிடிக்காமல் போவது மனத்திடக் குறைவால் அன்று. தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன என்று 1982-இல் அலெக்சாண்டர் போர்பேலி விளக்கினார். விழித்திருக்கும் நேரத்திற்கேற்பக் கூடிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம் ஒன்று. கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு இரவு பகலை அறியும் உயிர்க்கடிகாரம் மற்றொன்று. காலை எட்டு மணிக்குப் படுப்பவரை முதல் விசை உறங்கச் சொல்ல, இரண்டாவது விழிக்கச் சொல்கிறது.

நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரையைவிட முதலில் அறிதல்-நடத்தைச் சிகிச்சையையே அளிக்க வேண்டும் என 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது. தூக்கம் வராதபோது படுக்கையை விட்டு எழுந்துவிட்டு, உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் திரும்புவதன் மூலம் படுக்கைக்கும் தூக்கத்துக்குமான தொடர்பை மீட்கும் ‘தூண்டல் கட்டுப்பாடு’ என்னும் அதன் ஒரு கூறு 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் வகுத்தது. படுத்திருக்கும் நேரத்தை உண்மையில் உறங்கும் நேரத்தின் அளவுக்குச் சுருக்கி, தூக்கம் ஆழ்ந்த பின் மெல்லக் கூட்டும் மற்றொரு கூறை 1987-இல் ஆர்தர் ஸ்பீல்மன் வெளியிட்டார்.

இவை இரவில் உறங்குவோருக்காக உருவானவை என்பதை மறந்துவிடக் கூடாது. வாரந்தோறும் பணிநேரம் மாறும் செவிலியரிடம், இச்சிகிச்சை கோருவதுபோல், தினமும் ஒரே நேரத்தில் எழச் சொல்வது நடவாத காரியம். ஏற்கெனவே தூக்கம் குறைந்தவரிடம் அதை மேலும் சுருக்குவதோ, மருந்தளவைக் கணக்கிடும் பணியிலும் வீடு திரும்பும் சாலையிலும் ஆபத்தாக முடியலாம்.

ஆகவே சிகிச்சையை உயிர்க்கடிகாரத்தோடு இணைக்க வேண்டியுள்ளது. நாள்தோறும் நான்கு மணி நேரத் தூக்கம் ஒரே வேளையில் அமைந்தால், மீதித் தூக்கம் முன்பின்னாக வந்தாலும் உடலின் தாளம் நிலைபெறும் என்று ஆய்வாளர்கள் மைனர்சும் வாட்டர்ஹவுசும் 1981-இல் காட்டினர். இதற்கு ‘நங்கூரத் தூக்கம்’ என்று பெயர். சிகாகோவில் சார்மேன் ஈஸ்ட்மனின் குழு, தொடர்ந்து இரவுப் பணி பார்ப்போருக்காக, பணிநாளில் காலை எட்டரை முதல் பிற்பகல் மூன்றரை வரையும், விடுமுறையில் பின்னிரவு மூன்று முதல் நண்பகல் வரையும் உறங்கும் அட்டவணையைச் சோதித்தது. இரவில் இடைவிட்டுப் பிரகாசமான ஒளி, திரும்பும் வழியில் கறுப்புக் கண்ணாடி, இருட்டாக்கிய அறை ஆகியவையும் அதில் அடங்கும். இரண்டு அட்டவணைகளிலும் பொதுவாக அமைந்த முற்பகல் மூன்றரை மணி நேரமே இம்முறையின் உயிர்.

அந்த நேரத்தைச் செவிலியர் தனியாகக் காத்துக்கொள்ள இயலாது. பணிப்பட்டியல் தயாரிப்போர் இரவுப் பணிக்கு மறுநாள் காலையில் கூட்டமோ பயிற்சியோ வைக்காதிருக்க வேண்டும். வீட்டாரும் அந்த வேளையில் அவரை எழுப்பாதிருக்க வேண்டும்.